மணல்வெளி வீடுகளின் முப்பது சாவிகள்

அனுப்புநர்:
சூ. அமலநாதன் (வயது 71),
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்,
நாவலோடைக்கொல்லை,
ஜவ்வாது மலை அடிவாரம்,
போளூர் வட்டம், வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வட ஆற்காடு மாவட்டம்,
வேலூர்.

பொருள்: வெள்ளத்தில் வீடிழந்த நாவலோடைக்கொல்லை மக்களுக்கு மணல்வெளியில் கட்டப்பட்ட 31 வீடுகள் ஓடையின் வழியில் அமைந்திருப்பது – குடியேற்றத்தை நிறுத்தி, கல்லாங்குத்து மேட்டில் மறுபடி கட்டிக்கொள்ள அனுமதி வேண்டுவது – சாவிகளைத் திருப்பி அனுப்புவது – தொடர்பாக.

பார்வை: 1. இடத்தேர்வு பற்றி நான் எழுதிக் கொடுத்த 21.1.1984 தேதியிட்ட கடிதம்.
2. 30.9.1984க்குள் குடியேற வேண்டும் என்னும் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நான் தங்களிடம் நேரில் கொடுத்திருக்க வேண்டும். சென்ற ஆகஸ்டு 20, திங்கட்கிழமை மனு நாளில் வேலூருக்கு வந்து, வரிசையில் நின்று, தங்கள் மேசை வரைக்கும் வந்தேன். என் வயதைப் பார்த்து உட்காரச் சொன்னீர்கள். எந்த ஊர் என்று கேட்டீர்கள். சொன்னதும், "வீடுகள் முடிந்துவிட்டனவா?" என்று முகமலர்ச்சியோடு கேட்டீர்கள். "முடிந்துவிட்டன ஐயா, மிக்க நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மனு என் சட்டைப் பையிலேயே இருந்தது. பஸ் நிலையம் வந்து சேரும் வரை அதைத் தொட்டுப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. அன்று வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். எழுத்தில் மட்டும் எனக்கு ஓரளவு தைரியம் உண்டு. அந்தத் தைரியம்தான் இவ்வளவுக்கும் காரணம் என்பதைக் கீழே வரிசையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எங்கள் ஊர், மலைச் சரிவு இறங்கி முடியும் இடத்தில், நாவலோடை என்னும் காட்டோடையின் கரையில் இருந்தது. 1983 நவம்பர் 12ஆம் தேதி, மூன்று நாள் விடாத மழைக்குப் பின், மாலை ஐந்து மணி அளவில் சரிவின் ஒரு பகுதி மரங்களோடும் பாறைகளோடும் பெயர்ந்து ஓடையில் விழுந்து அதை அடைத்தது. சிறிது நேரம் ஓடையில் தண்ணீரே வரவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணிப் பலர் வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள். போகலாம் என்று அவர்களுக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பிறகு அடைப்பு உடைந்தது. முப்பத்தொரு வீடுகளும் போயின. நால்வர் இறந்தனர். அவர்களில் கோவிந்தன் என்பவர் தொழுவத்தில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போனவர். மாடுகள் வந்தன, அவர் வரவில்லை. மற்ற அனைவரும், நூற்று நாற்பது பேருக்கு மேல், ஊருக்கு வடக்கே கல்லாங்குத்துப் புறம்போக்கு என்று பதிவாகியுள்ள பாறை மேட்டில் ஏறி நின்று, விடியும்வரை நனைந்து, உயிர் பிழைத்தோம். முழங்கால் வலியால் ஏற இயலாத என்னைக் காசி என்ற விவசாயக் கூலி முதுகில் சுமந்து ஏற்றினார். அந்த மேட்டையும் காசியையும் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இரண்டைப் பற்றியும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

3. அன்று முதல் முப்பத்தொரு குடும்பங்களும் வெள்ளம் எட்டாத பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் பாடம் நடத்திய பள்ளி அது. அதில் இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும் உண்டு. சேலைகளைக் குறுக்கே கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டோம். பிள்ளைகள் புளியமரத்தடியில் படிக்கிறார்கள். அரசாங்கம் அரிசியும் துணியும் பாத்திரங்களும் தந்தது. அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை.

4. இவ்வாண்டு ஜனவரி 19ஆம் தேதி அதிகாரிகள் வந்து, புதிய வீடுகளுக்கு இடம் பார்த்தார்கள். ஊரில் படித்தவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். பழைய ஓடைக்கும் பாறை மேட்டுக்கும் நடுவே காரை முள் அடர்ந்த ஒரு பள்ளம் இருந்தது. வெள்ளம் அந்தப் பள்ளத்தை மணலால் நிரப்பி, பலகை போல் மட்டமாக்கிவிட்டுப் போயிருந்தது. முள்ளும் இல்லை, கல்லும் இல்லை. வண்டிப் பாதை பக்கத்திலேயே வந்தது. நான் அதைக் காட்டினேன். எழுத்தில் தரும்படி கேட்டார்கள். இரண்டு நாள் யோசித்து, ஏழு காரணங்களை வரிசைப்படுத்தி, நல்ல தாளில் எழுதிக் கொடுத்தேன். "வீடுகளைப் பறித்த வெள்ளமே மனைகளையும் சமன் செய்து தந்திருப்பதை இறைவனின் கருணையாகவே கருதுகிறோம்" என்று அதில் ஒரு வாக்கியம் உண்டு. அதைப் படித்த அதிகாரி ஒருவர், தமிழ் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

5. மழைக்காலத்தில் ஓடை இந்தப் பக்கம் வருமா என்று அவர்கள் கேட்கத்தான் கேட்டார்கள். "ஓடை தெற்கே போகிறது" என்று சொன்னேன். நாற்பது ஆண்டுகளாக அது உண்மை. ஆனால் நவம்பருக்குப் பிறகு தெற்கு வழி முழுவதும் பாறைகளால் மேடாகிவிட்டது. ஓடைக்கு இனி இறங்கிவர இருக்கும் ஒரே வழி அந்த மணல்வெளிதான். ஜனவரியில் ஓடை வறண்டிருந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததை வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகள்மேல் குற்றமாகச் சொல்ல முடியாது. நான் இங்கேயே இருப்பவன்.

6. தெரிந்தவர் ஒருவர் சொல்லவும் செய்தார். எங்கள் பக்கத்தில் மனை பார்க்கும்போது முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணை அதிலேயே திரும்பக் கொட்டுவார்கள். மண் மிஞ்சினால் நல்ல மனை. குழி நிரம்பாமல் போனால் அங்கே வீடு கட்ட மாட்டார்கள். ஜனவரி 20ஆம் தேதி காசி மணல்வெளியில் அப்படி ஒரு குழி தோண்டினார். "மண்ணு பத்தல வாத்தியாரே, மூணு கூடை கொறையுது. இங்க வூடு நிக்காது" என்றார். ஆயுள் முழுவதும் மூடநம்பிக்கை கூடாது என்று கரும்பலகையில் எழுதியவன் நான். "பழைய ஊர்லயும் இதே மாதிரி குழி தோண்டிப் பாத்துத்தானே வூடு கட்டினீங்க? அந்த வூடெல்லாம் இப்ப எங்க?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். காசியும் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். என்னைச் சுமந்து ஏற்றியவரிடம் நான் அப்படிக் கேட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. குழி சொன்னதைக் காரணமாக ஏற்க இன்றும் என்னால் முடியவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

7. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லாங்குத்து மேட்டைப் பற்றியும் அதிகாரிகள் கேட்டார்கள். அது சரிவானது, கல் நிறைந்தது, முதியோர் ஏற இயலாதது என்று என் கடிதத்தில் நான்காம் காரணமாக எழுதினேன். ஊரில் அந்த மேட்டில் ஏற இயலாத முதியவர் யார் யார் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயது முத்தம்மா விறகுக் கட்டோடு தினமும் ஏறி இறங்குகிறார். என்னைத் தவிர வேறு எவரும் கணக்கில் வரவில்லை.

8. வீடுகள் நல்ல முறையில் கட்டப்பட்டன. சுவர்களிலோ கதவுகளிலோ நான் குறை சொல்லவில்லை. ஜூலை 28ஆம் தேதி முப்பத்தொரு சாவிகளையும், திறப்பு விழா வரை பத்திரமாக வைத்திருக்கும்படி என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு சாவியோடும் ஒரு தாள் உண்டு. சாவி பெறுபவர் அதில் கைநாட்டு வைக்க வேண்டும். வீட்டை முழு மனத் திருப்தியோடு பெற்றுக்கொண்டதாகவும், இனி இடமோ வீடோ உதவியோ கோர மாட்டேன் என்றும் அதில் அச்சாகியிருக்கிறது.

9. ஆகஸ்டு 9ஆம் தேதி மலை உச்சியில் ஒரு மணி நேரம் மழை பெய்தது. ஊரில் ஒரு துளியும் விழவில்லை. மறுநாள் காலை பதினான்கு வீடுகளில் தரை கீழிருந்து ஈரமாகியிருந்தது. 7, 8, 9, 10 ஆகிய எண் வீடுகளின் பின் சுவரில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சேற்றுக் கோடு இருந்தது. அதன்மேல் நான் பென்சிலால் தேதி எழுதிவைத்தேன். பிறகு காசியை அழைத்து 9ஆம் எண் வீட்டின் பின்புறம் தோண்டச் சொன்னேன். அவர் தோண்டினார். ஐந்தடி ஆழம் வரை வெறும் மணல். அதற்குக் கீழே ஒரு அம்மிக்கல் கிடைத்தது. முத்தம்மா வந்து பார்த்து, "எங்க மாமியா வூட்டு அம்மி. இந்த ஓரத்த ஒடச்சதே நான்தான்" என்று சொல்லி அதன் உடைந்த மூலையைத் தடவினார். ஐயா, அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்த தண்ணீர் எந்த வழியாக வந்ததோ, அந்த வழியின் மேல்தான் வீடுகள் நிற்கின்றன.

10. அன்றிலிருந்து, பின்னர் சொல்லப்போகும் ஒன்றைத் தவிர, நான் சாவிகளை எவருக்கும் கொடுக்கவில்லை. அவை என் தகரப் பெட்டியில் இருந்தன. விழா தள்ளிப்போயிற்று, விழா இல்லாமலே 30.9.1984க்குள் குடியேற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. தவறினால் வீடுகள் வேறு மனுதாரர்களுக்குப் போகும். பள்ளிக்கூடத்தையும் அக்டோபர் முதல் தேதி காலி செய்து தர வேண்டும். அதுவும் நியாயமே. பிள்ளைகள் இன்னொரு மழைக்காலத்தை மரத்தடியில் கழிக்க முடியாது. ஆகவே வீட்டுக்குப் போனால் ஓடை, போகாவிட்டால் தெரு, போய்விட்டுப் பிறகு கேட்கலாம் என்றால் கைநாட்டு வைத்த தாள். அலுவலகங்களில் இதை எடுத்துச் சொல்ல மூன்று முறை போனேன். ஒவ்வொரு இடத்திலும் கோப்பைப் புரட்டி, என் கையெழுத்தில் உள்ள கடிதத்தையே எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒருவர் மரியாதையாகவே, "இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும், ஐயா?" என்று கேட்டார்.

11. ஊர் மக்களும் என்னோடு இல்லை என்பதைத் தெரிவிப்பது என் கடமை. காசியிடம் இம்மனுவில் கையொப்பம் கேட்டேன். "நீங்க கையெழுத்து போட்டுப் போட்டுத்தான் நம்மள இங்க கொண்டாந்து வுட்டீங்க. மறுபடியும் பேனாவ எடுக்கறீங்களே" என்றார். குழி சொன்னதை நினைவூட்டினேன். "குழி கெடக்குது. கூரை கீது இல்ல? பத்து மாசமா பொண்டாட்டி புள்ளைய கரும்பலகைக்குக் கீழ படுக்க வெச்சிக்கினு கீறேன். சாவியக் குடுங்க" என்றார். தண்ணீர்க் குழாயடியில் பாஞ்சாலை என்ற பெண்மணி, நான் காதில் வாங்க வேண்டும் என்றே, "வாத்தியாரு பொட்டியில முப்பத்தோரு வூட்ட வெச்சிக்கினு கோழி மாதிரி அடகாக்கறாரு, எப்பப் பொரிக்குமோ" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. மணல்வெளியைக் காட்டியபோது என்னை நம்பினார்கள். இப்போது நம்பவில்லை. இரண்டாவதுதான் அறிவு என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

12. இம்முறையும் நான் தவறாக இருக்கலாம் என்பதையும் எழுதிவிடுகிறேன். வரும் ஐப்பசியில் மழை குறைவாகப் பெய்து, ஓடை வராமலே போகலாம். அப்படியானால் வீடற்றவர்களை வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தவன் ஆவேன். நான் சரியாக இருந்தாலோ, அதை எழுதவே கை வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சாவிகளை வைத்துக்கொண்டு இருபத்தாறு நாள் உட்கார்ந்திருந்தேன். இந்த முடிவு என்னைப் போன்ற ஒருவன் கையில் இருப்பது முறையல்ல.

13. ஆகையால் பின்வருவனவற்றைப் பணிவோடு கோருகிறேன்.

(அ) செப்டம்பர் 30க்கு முன் ஓர் அதிகாரி மணல்வெளியை நேரில் பார்க்க வேண்டும். வெயில் நாளில் வந்தால் நான் பார்த்ததைத்தான் அவரும் பார்ப்பார். மலையில் மழை பெய்த மறுநாள் காலை வரச் செய்ய வேண்டுகிறேன்.

(ஆ) அதுவரை குடியேறும் கெடுவை நீட்டிக்க வேண்டும். பள்ளியின் ஓர் அறையைப் பிள்ளைகளுக்கு உடனே விட்டுவிட்டு, மற்றதில் இருக்க அனுமதிக்க வேண்டும்.

(இ) கல்லாங்குத்து மேட்டில், சரிவை வெட்டி மட்டமாக்காமல், படிப்படியாகக் கல் அடுக்கி வீடு கட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். சுவருக்குக் கல் அங்கேயே கிடக்கிறது. இப்போதுள்ள வீடுகளின் கதவு, ஜன்னல், கூரைத் தகடுகளைக் கழற்றி அங்கே பயன்படுத்தலாம். புதிதாகப் பொருள் எதுவும் கேட்கவில்லை. பச்சைக் குழந்தைகள் உள்ள ஐந்து குடும்பங்களுக்கு முதலில் கட்டினால் மழைக்கு முன் முடியும்.

(ஈ) தெற்கு வழியில் அடைந்துள்ள பாறைகளை உடைக்க உதவி தந்தால், ஓடை தன் பழைய இடத்துக்குப் போகும். மணல்வெளியை ஓடைக்கே விட்டுவிட்டு, கரையில் மூங்கிலும் புங்கனும் வைக்கலாம். சரிந்த மலைப் பகுதியில் விறகு வெட்டியும் ஆடு மேய்த்தும் மண்ணைப் பிடித்திருந்த வேர்களைக் குறைத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. அங்கே ஐந்தாண்டுக்கு ஆடு விடக்கூடாது என்று ஊரில் பேசினேன். "ஆர்டரு வரட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார்கள். ஆகவே உழைப்புக்கும் இதற்கும் அவர்கள் சார்பில் நான் உறுதி தரவில்லை. முன்பு ஒரு முறை அப்படித் தந்திருக்கிறேன். தாங்கள் ஆணை தந்தால் அவர்கள் செய்வார்கள் என்பது என் நம்பிக்கை மட்டுமே.

(உ) சாவிகளைத் திருப்பி அனுப்புவது என் ஒருவன் செயல். அதை மக்கள் வீடு வேண்டாம் என்று சொன்னதாகக் கொள்ளக்கூடாது. நடவடிக்கை எடுப்பதானால் என்மேல் மட்டும் எடுக்க வேண்டுகிறேன்.

14. சாவிகள் முப்பத்தொன்று, இத்துடன் வரும் துணிப்பையில் முப்பதுதான் இருக்கும். குறைவது 9ஆம் எண் வீட்டின் சாவி. அதற்கு விளக்கம் தருகிறேன். வெள்ளத்தில் இறந்த கோவிந்தனின் மனைவி ஜெயம்மாள். அவருடைய மகள் வசந்திக்கு ஆகஸ்டு 27ஆம் தேதி பள்ளிக்கூடத்தில், நான்காம் வகுப்பு நடந்த அறையில், சேலைத் தடுப்புக்குள் பெண் குழந்தை பிறந்தது. சேலைக்கு இந்தப் பக்கம் ஆறு குடும்பங்கள் இருந்தன. இரண்டு நாள் கழித்து ஜெயம்மாள் என்னிடம் வந்தார். சுவரில் உள்ள சேற்றுக் கோட்டையும் அம்மிக்கல்லையும் பற்றி நான் எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் சத்தம் போடவில்லை. "பச்ச ஒடம்புக்காரிய இத்தினி பேரு நடுவுல எப்பிடி சார் வெச்சிக்கினு இருக்கறது? ஓடை வந்தா இன்னா பண்ணும்னு எனக்கா பாடம் நடத்தறீங்க? உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும். சாவியக் குடுங்க" என்றார். பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டேன். விதிப்படி அவரிடம் கைநாட்டும் வாங்கினேன். முழு மனத் திருப்தி என்று அச்சிட்ட வரியின் கீழ் அவர் பெயரை எழுதியது என் கைதான்.

15. ஆக, இன்று மணல்வெளியில் முப்பது வீடுகள் பூட்டியும் ஒன்று திறந்தும் இருக்கின்றன. திறந்திருப்பது, நான் பென்சிலால் தேதி எழுதிவைத்த வீடு. அதில் ஜெயம்மாளும் வசந்தியும் எட்டு நாள் குழந்தையும் இருக்கிறார்கள். வீட்டின் பின்னால் மணலில் ஒரு கோல் நட்டு, விரற்கடை அளவில் கோடுகள் கீறியிருக்கிறேன். பள்ளிக்கு மணியாக இருந்த தண்டவாளத் துண்டை இப்போதைய தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி பெற்று (பள்ளியில் வேறு கைமணி உள்ளது) 9ஆம் எண் வீட்டுக் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். என் கட்டிலையும் அங்கே கொண்டுபோய்விட்டேன். ஜெயம்மாள் முதலில் முகம் கொடுக்கவில்லை. நேற்று ஒரு லோட்டாவில் கஞ்சி கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் வந்தால் மேட்டுக்கு ஓட என் முழங்கால்கள் உதவா. மணி அடிக்க உதவும். சென்ற முறை ஓடை அமைதியானபோது வீட்டுக்குள் போகலாம் என்று சொன்னேன் அல்லவா, ஐயா? இம்முறை அது அமைதியானால் அடிப்பேன்.

கட்டிலில் இருந்து வடகிழக்கே பார்த்தால் மேகம் தெரிகிறது. இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது என்று அறிவிப்பு சொல்கிறது. மழைக்கு அந்த அறிவிப்பு அனுப்பப்படவில்லை. ஆகவே இதை வரிசையில் வைக்காமல், தயவுகூர்ந்து கையில் எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்ப வேண்டாம். 9ஆம் எண் வீடு, மணல்வெளி, நாவலோடைக்கொல்லை என்று அனுப்பினால் எனக்குக் கிடைக்கும்.

தங்கள் முன் உட்கார்ந்தும் சொல்லத் தவறிய,
பணிவுள்ள,
சூ. அமலநாதன்

இடம்: நாவலோடைக்கொல்லை
தேதி: 4.9.1984

இணைப்பு:
1. என் 21.1.1984 கடிதத்தின் நகல் (என் கையெழுத்தில்).
2. பழைய ஓடை, மணல்வெளி, கல்லாங்குத்து மேடு காட்டும் கைவரைபடம்.
3. ஜெயம்மாள் கைநாட்டு வைத்த தாள். இதை ரத்து செய்ய வேண்டுகிறேன்.
4. சாவிகள் – 30. எண் 1 முதல் 8 வரை. 10 முதல் 31 வரை.